விக்ஸ்பர்க்கில் நான் படமெடுத்தது மிசிசிப்பி இல்லையாம்

படம் அனுப்பி ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை, அப்பாவிடமிருந்து பதில் வந்துவிட்டது. "என்னடா, மிசிசிப்பின்னு சொல்ற, வாய்க்கால் மாதிரி இருக்கே?"

ஸ்ரீரங்கத்தில், ஒரு பக்கம் காவிரி, மறுபக்கம் கொள்ளிடம் என்று எழுபத்தைந்து வருஷம் இருந்துவிட்டவர். ஆறு விஷயத்தில் யார் சொல்வதையும் நம்ப மாட்டார், நான் சொன்னால் சுத்தமாக நம்ப மாட்டார். "படத்துல அப்படித் தெரியுதுப்பா, நேர்ல பெரிசு" என்று பதில் போட்டுவிட்டு நிமிர்ந்து பார்த்தேன். நேரிலும் அப்படித்தான் இருந்தது. தண்ணீர் ஓடுகிறதா நிற்கிறதா என்றே தெரியவில்லை, எதிர்க்கரை மரங்களில் இலையை எண்ணிவிடலாம் போல.

முதலிலிருந்து சொல்கிறேன். அக்டோபரில் பையனுக்கு நாலு நாள் லீவு சேர்ந்து வந்தது. அட்லாண்டாவில் மனைவியின் அக்கா வீடு. டாலஸிலிருந்து விமானத்தில் இரண்டு மணி நேரம்தான், ஆனால் மூன்று டிக்கெட்டின் விலையைக் கூட்டிப் பார்த்ததும் கார்தான் என்று முடிவாகிவிட்டது. ஐ-20 நெடுஞ்சாலையில் ஏறிவிட்டால் எங்கேயும் திரும்பக்கூட வேண்டாம், தூங்காமல் இருந்தால் போதும். லூசியானாவைத் தாண்டி, ஆற்றுப் பாலத்தில் ஏறி இறங்கியதும் வருகிற முதல் ஊர் விக்ஸ்பர்க். மிசிசிப்பி மாநிலத்தில் இருக்கிறது, 2020 கணக்கெடுப்பில் மக்கள்தொகை இருபத்தோராயிரத்துச் சொச்சம். நாங்கள் பாலத்தைத் தாண்டும்போது ராத்திரி பத்தரை, கீழே ஆறு இருந்ததா என்றே தெரியாது. படுத்துவிட்டு விடிகாலையில் கிளம்புவதாகத் திட்டம். கிளம்பியது அதற்கு அடுத்த நாள்.

மோட்டலில் இருந்தது ஒரு குஜராத்திக் குடும்பம் (இந்தப் பக்கத்து நெடுஞ்சாலை மோட்டல்களில் இது ஆச்சரியமே இல்லை). வரவேற்பறைக்குப் பின்னாலிருந்து கடுகு தாளிக்கும் வாசனை வந்தது, சாவியை வாங்கிக்கொண்டு மனைவி அங்கேயே ஒரு நிமிஷம் நின்றாள். காலையில் கிளம்பப் போகிறோம் என்றதும் அந்த அம்மா, "ஆற்றங்கரையையாவது பார்த்துவிட்டுப் போங்கள்" என்றார். அதனால்தான் கரைக்குப் போனோம்.

மேட்டிலிருந்து தெரு செங்குத்தாக இறங்குகிறது. கீழே பழைய ரயில் நிலையம், 1907-இல் கட்டியது, இப்போது மியூசியம். அதை ஒட்டி வெள்ளம் தடுக்கும் நீளமான கான்கிரீட் சுவர். அந்தச் சுவர் முழுக்க ராபர்ட் டாஃபோர்டும் அவருடைய குழுவும் வரைந்த பெரிய பெரிய ஓவியங்கள், நீராவிப் படகு, போர், ஊரின் பழைய கடைத்தெரு என்று வரிசையாக. 2011 மே மாதம் இங்கே ஆறு 57 அடி உயர்ந்திருக்கிறது. 43 அடி வந்தாலே வெள்ளம் என்று கணக்கு. பெரிய வெள்ளம் என்று பேசப்படும் 1927 வெள்ளத்தைவிட இது கிட்டத்தட்ட ஒரு அடி கூட. சுவருக்கு அந்தப் பக்கம் போய்த்தான் அந்தப் படத்தை எடுத்தேன்.

கரையில் மடக்கு நாற்காலி போட்டுத் தூண்டிலோடு ஒரு பெரியவர் உட்கார்ந்திருந்தார், கறுப்பினத்தவர், அப்பா வயதிருக்கும். என் பையனைப் பார்த்து "குட் மார்னிங், சார்" என்றார். பதினோரு வயதில் அவனை யாரும் சார் என்று கூப்பிட்டதில்லை, அன்றைக்கு முழுக்க அவன் நடையே மாறிவிட்டது. பேச்சு கொடுத்ததில் நான் அப்பாவின் வாய்க்கால் கதையைச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. "உன் அப்பா சொன்னது சரி. இது மிசிசிப்பி இல்லை, யாஸூ. மிசிசிப்பி இந்த ஊரை விட்டுப்போய் ரொம்ப நாளாச்சு" என்றார்.

அதற்கப்புறம் இந்த ஊரை விட்டு எப்படிக் கிளம்புவது?

அவர் சொன்னது, மியூசியங்களில் படித்தது எல்லாவற்றையும் சேர்த்துச் சொல்கிறேன். அந்தக் காலத்தில் மிசிசிப்பி விக்ஸ்பர்க்குக்கு முன்னால் கொண்டை ஊசி மாதிரி வளைந்து போனது. மேட்டின் மேல் ஊர், காலடியில் வளைவு. வளைவில் படகு வேகத்தைக் குறைத்தே ஆக வேண்டும், குறைத்தால் மேலே இருக்கும் பீரங்கிக்கு வசதி. ஆக விக்ஸ்பர்க் யார் கையில் இருக்கிறதோ அவர்கள் நினைத்தால் ஆற்றையே பூட்டிவிடலாம். உள்நாட்டுப் போரில் தென் மாநிலங்கள் அதைத்தான் செய்தன, வட மாநிலங்கள் அதை உடைக்கத்தான் இங்கே வந்து மோதின.

நேராக மோதுவதற்கு முன்னால் ஒரு குறுக்கு வழியும் பார்த்தார்கள். வளைவுக்கு நடுவே நாக்கு மாதிரி நீட்டிக்கொண்டிருந்த நிலத்தின் குறுக்கே ஒரு கால்வாய் வெட்டிவிட்டால் ஆறே அந்தப் பக்கம் போய்விடும், ஊர் காய்ந்து கிடக்கும், சண்டையே வேண்டாம். 1862 கோடையில் ஆரம்பித்தார்கள். வெட்டியது சிப்பாய்கள் மட்டுமல்ல, பக்கத்துத் தோட்டங்களிலிருந்து கொண்டுவரப்பட்ட சுமார் 1,200 அடிமைத் தொழிலாளர்களும்தான். காய்ச்சலிலும் வெயிலிலும் ஆட்கள் செத்தார்கள், தண்ணீர் வரவில்லை. அடுத்த ஜனவரியில் வடபடையின் ஜெனரல் கிராண்ட் வந்து மறுபடி தோண்டினார், ஆறு பெருகி வந்து கரையை உடைத்துத் தோண்டினதையும் கெடுத்தது. கடைசியில் படையை எதிர்க்கரை வழியாகத் தெற்கே நடத்திக்கொண்டு போய், அங்கே ஆற்றைத் தாண்டி, சுற்றிக்கொண்டு கிழக்குப் பக்கத்திலிருந்து வந்து 47 நாள் முற்றுகை போட்டுத்தான் ஊரைப் பிடிக்க முடிந்தது. சரணடைந்தது 1863 ஜூலை 4.

இனிமேல்தான் விஷயமே. 1876 ஏப்ரலில், யாரும் கேட்காமல், யாரும் வெட்டாமல், ஆறு தானாகவே அந்த நாக்கை அறுத்துக்கொண்டு நேராகப் போய்விட்டது. கிராண்ட் அத்தனை பேரை வைத்துச் செய்ய முடியாததைப் போர் முடிந்து பதினோரு வருஷம் கழித்து ஆறே செய்து காட்டியது. ஊரின் படகுத்துறை ஒரு குட்டையைப் பார்த்துக்கொண்டு நின்றது. அந்தக் குட்டைக்கு செண்டெனியல் லேக் என்று பெயர் வைத்தார்கள், நாட்டின் நூற்றாண்டு வருஷம் அது என்பதால். கிண்டலா பெருமையா தெரியவில்லை.

அப்புறம் இருபத்தேழு வருஷம் கழித்து, 1903-இல், ராணுவப் பொறியாளர்கள் வடக்கே ஓடிய யாஸூ ஆற்றை ஒரு கால்வாய் வெட்டித் திருப்பி, மிசிசிப்பியின் பழைய படுகையில் கொண்டுவந்து விட்டார்கள். நான் படமெடுத்தது அதைத்தான். வேறொரு ஆற்றின் தண்ணீர், மிசிசிப்பி விட்டுப்போன பள்ளம், நடுவில் மனிதர் வெட்டின கால்வாய். அப்பா ஒன்பதாயிரம் மைலுக்கு அப்பாலிருந்து, ஃபோன் திரையில் பார்த்து, ஒரே சொல்லில் சொல்லிவிட்டார். அன்று மத்தியானம் கூப்பிட்டு ஒப்புக்கொண்டேன். "தண்ணி நகரலையேடா, அதான்" என்றார், பெரிதாக ஒன்றும் காட்டிக்கொள்ளவில்லை.

இன்றைக்கும் மிசிசிப்பியை மேய்க்கிற ஆணையத்தின் தலைமையகம் இதே ஊரில்தான் இருக்கிறது. கரைக்குப் பக்கத்தில் அவர்களுடைய மியூசியம் ஒன்று, காசு கிடையாது, ஓய்வுபெற்ற ஒரு பெரிய படகைத் தரையில் ஏற்றி வைத்திருக்கிறார்கள், மேலே ஏறி மாலுமி அறைவரை போகலாம். எங்கள் வீட்டு சார் அங்கிருந்து இறங்க மறுத்துவிட்டார்.

போர்க்களப் பூங்காவைப் பற்றி நிறைய எழுதலாம், ஆனால் பதினாறு மைல் சாலையும் ஆயிரத்து முந்நூறுக்கு மேற்பட்ட நினைவுச் சின்னங்களும் ஒரு அளவுக்கு மேல் கண்ணைச் சோர்வாக்கிவிடுகின்றன. எல்லா மாநிலமும் தன் ஆட்களுக்குத் தன் வசதிக்கேற்பக் கல் நட்டிருக்கிறது. இல்லினாய் மாநிலம் கட்டியது ரோமாபுரிக் கோயில் மாதிரி, ஏறிப்போக 47 படிகள், முற்றுகை நாளுக்கு ஒன்றாக. போரிட்ட கறுப்பினத்தவருக்கான சிலை வந்தது 2004-இல்தான்.

என்னை நிறுத்தி வைத்தது கேரோ என்ற கப்பல். நான் கெய்ரோ என்றேன், அங்கிருந்த வனத்துறை உடைக்காரர் பொறுமையாக, "எகிப்தில் இருப்பது கெய்ரோ, இது இல்லினாய் கேரோ" என்று திருத்தினார். இரும்புத் தகடு போர்த்திய போர்க்கப்பல். 1862 டிசம்பர் 12 அன்று யாஸூ ஆற்றில் கண்ணிவெடியில் சிக்கிப் பன்னிரண்டே நிமிடத்தில் மூழ்கியது, ஒருவர்கூடச் சாகவில்லை. அந்தக் கண்ணிவெடி என்பது வெடிமருந்து அடைத்த பெரிய கண்ணாடிக் குடுவை, கரையிலிருந்து கம்பி வழியாக மின்சாரம் விட்டு வெடிக்கவைத்தது. நூறு வருஷம் சேற்றில் கிடந்ததை 1964-இல் எடுத்திருக்கிறார்கள். முழுசாகத் தூக்கத்தான் நினைத்தார்கள், தூக்கும் கம்பிகள் மரத்தை அறுக்க ஆரம்பித்ததும் மூன்று துண்டாக்கி எடுத்தார்கள். சேறு காப்பாற்றிய சாமான்கள் பக்கத்திலேயே கண்ணாடிப் பெட்டியில் இருக்கின்றன. சாப்பாட்டுத் தட்டில், குவளையில் எல்லாம் மாலுமிகள் ஆணியால் பெயரைக் கீறி வைத்திருக்கிறார்கள். எங்கள் வீட்டு எவர்சில்வர் பாத்திரங்களில் பாட்டி பெயர் புள்ளி புள்ளியாக இருக்கும், அதே புத்தி. அந்தக் கிறுக்கலான எழுத்தைப் பார்த்தபோதுதான் கப்பலில் ஆள் இருந்தது உறைத்தது.

கப்பலுக்கு எதிரே கல்லறைத் தோட்டம். சுமார் 17,000 வடபடை வீரர்கள், அதில் 13,000 பேர்வரை யாரென்றே தெரியாதவர்கள். பெயர் தெரிந்தவர்களுக்கு நிற்கும் கல், தெரியாதவர்களுக்கு முழங்கால் உயரம்கூட இல்லாத சதுரக் கட்டை, மேலே ஒரு எண். புல் வெட்டும் வண்டி அவற்றுக்கு நடுவே வளைந்து வளைந்து போய்க்கொண்டிருந்தது.

ஜூலை 4-இல் தோற்றதால் இந்த ஊர் எண்பது வருஷம் சுதந்திர தினமே கொண்டாடவில்லை என்று பெருமையாகச் சொல்வார்கள். வீட்டுக்கு வந்து படித்தால் அது பாதி ஊரின் கதை. விடுதலை பெற்ற கறுப்பின மக்கள் கொண்டாடத்தான் செய்திருக்கிறார்கள். அவர்கள் ஓட்டில் வென்ற கறுப்பின ஷெரிஃபைப் பதவியிலிருந்து விரட்டியதையொட்டி 1874 டிசம்பரில் இங்கே பெரிய படுகொலையே நடந்திருக்கிறது, செத்தவர்களின் சரியான கணக்குகூடக் கிடையாது. நாள் முழுக்க அத்தனை கல்வெட்டு படித்தும் இது என் கண்ணில் படவேயில்லை. என் கண்ணில் கோளாறா, கல் நட்டவர்களிடம் கோளாறா?

சாப்பாடு. இந்தப் பக்கத்தில் தமாலே பிரபலம். சோளமாவுக்குள் காரமான இறைச்சி வைத்து, சோளத் தோகையில் சுற்றி, மசாலாத் தண்ணீரில் வேகவைத்து, மூன்று மூன்றாக நூலால் கட்டித் தருகிறார்கள். தோகையைப் பிரித்தபோது பனையோலைக் கொழுக்கட்டை ஞாபகம் வந்தது, வாயில் வைத்ததும் போய்விட்டது, உள்ளே இருப்பது வேறு ஜாதி. எனக்குப் பிடித்தது. மனைவி சைவம், அவள் பாடுதான் திண்டாட்டம். கீரை இருக்கிறது என்று ஆசையாகக் கேட்டால் பன்றி எலும்பு போட்டு வேகவைத்தது. பீன்ஸிலும் அதே. கடைசியில் அவளுக்கு வறுத்த வெண்டைக்காய், வறுத்த பச்சைத் தக்காளி, மறுபடி வறுத்த வெண்டைக்காய். டீ என்று கேட்டதற்குப் பாகு மாதிரி இனிக்கும் ஐஸ் டீ வந்தது, "இதுல ஜீரா போளி ஊற வைக்கலாம்" என்றாள்.

வாஷிங்டன் தெருவில் ஒரு பழைய மிட்டாய்க் கடை. கோக்க கோலாவை முதன்முதலில் பாட்டிலில் அடைத்து விற்றது அங்கேதான், 1894-இல், ஜோசப் பீடன்ஹார்ன் என்பவர். அதுவரை சோடாக் கடையில் நின்று குடிக்கிற பானமாகத்தான் இருந்ததாம். ஆற்றோரப் பண்ணைகளில் இருப்பவர்கள் எப்படி வந்து நின்று குடிப்பார்கள், அதனால் பாட்டிலில் அடைத்துப் படகேற்றிவிட்டார். அட்லாண்டா போய் இதைச் சொன்னபோது மச்சினிச்சி வீட்டில் யாரும் நம்பவில்லை.

ஞாயிறு காலை எல்லாக் கடையும் பூட்டு, எல்லாச் சர்ச் வாசலிலும் கார். கிளம்புவதற்கு முன்னால், நெடுஞ்சாலைப் பாலத்துக்குப் பக்கத்தில் மேட்டின் மேல் இருக்கும் மாநில வரவேற்பு மையத்தில் நிறுத்தினோம். அங்கிருந்து பார்த்தால் உண்மையான மிசிசிப்பி. பழுப்பு நிறம், பாலத் தூண்களைச் சுற்றிச் சுழித்துக்கொண்டு, சத்தமே இல்லாமல், ஆனால் ஒரு மரக்கிளை மிதந்து போன வேகத்தில் தெரிந்துவிட்டது. கீழேயிருந்து ஒரு படகு எதிர்நீச்சலில் வந்தது. இழுவைப் படகு என்று பெயர்தானே தவிர இழுப்பதில்லை, பின்னால் நின்றுகொண்டு, ஒன்றோடொன்று கம்பியால் கட்டின பார்ஜ்களை (தட்டையான சரக்குப் படகுகள்) தள்ளுகிறது. ஒரு பார்ஜில் ஆயிரத்து ஐந்நூறு டன் ஏறுமாம். மொத்தத்தையும் பாலத் தூண்களுக்கு நடுவே நுழைக்க அரை மணி நேரம் எடுத்துக்கொண்டது. அப்பாவுக்கு வீடியோ எடுத்தேன், இந்தத் தடவை பாலம், தூண், மிதக்கிற கட்டை எல்லாம் தெரிகிற மாதிரி.

பையன் முப்பது பார்ஜ் என்று எண்ணினான். நான் எண்ணியபோது இருபத்தெட்டு வந்தது. மறுபடி எண்ணுவதற்குள் மனைவி காரை ஸ்டார்ட் செய்துவிட்டாள், ஜாக்ஸன் தாண்டும்வரை அந்தச் சண்டை ஓயவில்லை.