மதிலில் முடியும் ஒழுங்கைகள்: வீதித் தரவில் விலக்குகளைக் கையாண்டு பார்த்தது

மட்டக்களப்பு மாவட்டத்தின் காத்தான்குடியை வரைபடத்தில் கொஞ்சம் பெருப்பித்துப் பார்த்தால், வீதித் தரவைச் சரிபார்ப்பது எங்கள் பக்கத்தில் ஏன் இவ்வளவு வேலை என்று விளங்கும். ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வாவி, நடுவில் ஒடுங்கிய நிலம், நெருக்கமான வீடுகள். வீதிகளில் இருந்து கிளைவிடும் ஒழுங்கைகளில் பல யாரோ ஒருவருடைய மதிலில் போய் முட்டி நிற்கும். மதிலுக்கு அந்தப் பக்கம் நாலைந்து மீட்டரில் அடுத்த ஒழுங்கை தொடங்கும். கணினிக்கு இது இணைக்காமல் விட்ட வீதி. அங்கே ஓட்டோ ஓட்டுகிறவருக்கு அது வெறும் மதில்.

யாரும் திருத்தக்கூடிய இலவச வரைபடமான ஓபன்ஸ்ட்ரீட்மேப்பில் மட்டக்களப்பு மாவட்ட வீதிகளைப் பார்த்துத் திருத்துவது என் ஓய்வுநேர வேலை. வரைவதைவிடச் சரிபார்ப்பதில்தான் எனக்கு ஆசை. சரிபார்க்கும்போது உண்மையான பிழையும், பிழை மாதிரித் தெரிகிற சரியான வீதியும் ஒன்றாகவே வந்து விழும். இந்த இரண்டாவது வகையைத்தான் விலக்கு என்கிறேன். அதை எப்படி வைத்துக்கொள்வது என்று செய்து பார்த்ததை இங்கே எழுதுகிறேன்.

கியூஜிஐஎஸ் என்ற இலவச வரைபட மென்பொருளோடு, கோடுகள் சரியாகச் சேர்கின்றனவா என்று பார்க்கும் டோப்பாலஜி செக்கர் வருகிறது. அதில் தொங்கும் முனை, அதாவது வேறு எந்தக் கோட்டையும் தொடாத முனை, இருக்கக்கூடாது என்று ஒரு விதி உண்டு. அதைப் போட்டால் வயலுக்குள் முடிகிற கிறவல் வீதி, கடற்கரையில் முடிகிற வீதி, மதிலில் முடிகிற ஒழுங்கை எல்லாம் சிவப்பாகிவிடும். 'இது சரிதான், இனிக் காட்டாதே' என்று குறித்து வைக்க அதில் வழியில்லை. ஆர்க்ஜிஐஎஸ் என்ற இன்னொரு வரைபட மென்பொருளில் பிழையை விலக்கு என்று குறித்தால் அது டோப்பாலஜியோடு சேமிக்கப்படும். ஓபன்ஸ்ட்ரீட்மேப்பைத் திருத்தும் ஜோசம் எடிட்டரிலும் எச்சரிக்கைகளைப் புறக்கணிக்கும் பட்டியல் இருக்கிறது. ஆனால் அந்தப் பட்டியல் அவரவர் கணினியில் கிடக்கும், ஏன் புறக்கணித்தோம் என்று எழுதவும் அதில் இடமில்லை. எனக்கு அந்த 'ஏன்' கட்டாயம் வேண்டும்.

முதலில் கேள்வியையே மாற்றினேன். வீதி ஒன்று முட்டி நிற்பது பிழையில்லை, ஊரில் அது சாதாரணம். வீதியின் முனை இன்னொரு வீதிக்கு எட்டு மீட்டருக்குள் வந்தும் தொடாமல் நின்றால் மட்டும் காட்டு என்று, தரவிடம் கேள்வி கேட்கும் எஸ்கியூஎல் மொழியில் ஒரு வினவலை எழுதினேன். ஓபன்ஸ்ட்ரீட்மேப் தரவு பாகையில் இருப்பதால், மீட்டரில் அளக்க அதை யூடிஎம் 44 வடக்கு வலயம் என்ற மீட்டர் அளவு ஆள்கூற்று முறைக்கு மாற்ற வேண்டும், மென்பொருளில் அதைத் தேர்ந்தெடுக்கும் ஈபிஎஸ்ஜி எண் 32644. இன்னொன்று, மாவட்ட எல்லையில் வீதிகளை வெட்டக்கூடாது. வெட்டினால் எல்லை நெடுகப் பொய்யான முனைகள் முளைக்கும். எல்லையைத் தொடுகிற வீதிகளை முழுசாக எடுத்துக்கொண்டு, எல்லைக்கு வெளியே இருக்கும் முனைகளைக் கணக்கில் எடுக்காமல் விட்டால் போதும்.

இவ்வளவு செய்தும் மதில்கள் போகவில்லை. அப்புறம்தான் எனக்கு மிகவும் பிடித்த விதி வந்தது. இரண்டு வடிவங்களுக்கு இடையே மிகக் குட்டையான கோட்டை இழுக்க கியூஜிஐஎஸ்ஸில் ஒரு ஃபங்ஷன் இருக்கிறது. முனையில் இருந்து பக்கத்து வீதிக்கு அந்தக் கோட்டை இழுக்க வேண்டும். அது வழியில் ஒரு மதிலையோ வாய்க்காலையோ வெட்டினால், இரண்டு வீதியும் சேராமல் இருப்பதற்குக் காரணம் வரைபடத்திலேயே இருக்கிறது. அதைப் பிழை என்று காட்டத் தேவையில்லை.

அப்படியென்றால் மதில் வரைபடத்தில் இருக்க வேண்டுமே. சரி, வரைந்துவிடலாம். ஓபன்ஸ்ட்ரீட்மேப்பில் மதிலுக்கும் வேலிக்கும் டேக், அதாவது வரைந்தது என்ன என்று சொல்லும் குறி, உண்டு. போய்ப் பார்த்த இடத்தில் மதிலைக் கோடாகப் போட்டேன். மதில் என்று சொல்ல முடியாத இடங்களில், ஒரு வளவின் கேற்றோடு வழி நின்றுவிட்டால், முனையில் நோஎக்சிட் (இதற்கு மேல் வழியில்லை) என்ற டேக்கைப் போடலாம். ஜோசமும் அதை மதித்து எச்சரிக்கையை விட்டுவிடும். இதனால் என் பட்டியல் சுருங்குகிறது, வரைபடம் வளர்கிறது. நான் தெரிந்துகொண்டதை அடுத்து வருகிறவரும் அதே இடத்தில் பார்க்கலாம். விலக்கு என்பது நிலத்தைப் பற்றிய அறிவு. வரைபடத்துக்குள் போகக்கூடியதைத் தனிப் பட்டியலில் பூட்டி வைப்பதில் எனக்குச் சம்மதமில்லை.

வாய்க்கால் விதி அம்பாறைப் பக்கத்தில் பெரிய உதவி. 1949இல் தொடங்கிய கல்லோயாத் திட்டத்தின் வாய்க்கால்கள் ஓடும் இடங்களில், கட்டின்மேல் ஒரு வழி போகும், எதிர்க்கரையில் வேறொரு வீதி போகும். படத்தில் இரண்டும் ஒட்டிக்கொண்டிருக்கும். குறுக்கே மதகு இருந்தால்தான் கடக்கலாம். வாய்க்காலைச் சரியாக வரைந்த பகுதிகளில் இந்தப் பிழைகள் தாமாகவே மறைகின்றன. சரியாக வரையாத பகுதிகளில் பிழைப் பட்டியலே எந்த வாய்க்கால் விடுபட்டிருக்கிறது என்று சொல்லிவிடுகிறது.

வரைபடத்துக்குள் போக முடியாதவை கொஞ்சம் மிஞ்சும். அவற்றை ஜியோபேக்கேஜ் என்ற வரைபடத் தரவுக் கோப்பு ஒன்றில் புள்ளிகளாக வைத்திருக்கிறேன். ஒவ்வொரு புள்ளிக்கும் எந்த விதி, என்ன காரணம், நேரில் பார்த்ததா செய்மதிப் படத்தில் பார்த்ததா, பார்த்த திகதி, எப்போது மறுபடி பார்க்க வேண்டும் என்று எழுதுகிறேன். வீதியின் எண்ணை அடையாளமாக வைப்பதில்லை. யாராவது நடுவில் ஒரு பாலம் போடவோ பெயர் மாற்றவோ வீதியைத் துண்டாக்கினால் ஒரு துண்டுக்குப் புது எண் வந்துவிடும். முனையின் இடம் அப்படி மாறாது. அதனால் ஒன்றரை மீட்டருக்குள் அதே விதியில் பிழை வந்தால் அந்த விலக்கு பொருந்தும். பக்கத்து வீதிக்கு உள்ள இடைவெளியையும் எழுதி வைக்கிறேன். அது ஒரு மீட்டருக்கு மேல் மாறினால் விலக்கு செல்லாது, பிழை மறுபடி மேலே வரும்.

வாவியைக் கடக்கும் இடங்களுக்கு வேறு விதி. முக்கிய வீதி ஒன்று எங்கும் முட்டி நிற்கக்கூடாது என்று அதை வைத்திருக்கிறேன். கிழக்கே எழுவான்கரையையும் மேற்கே படுவான்கரையையும் பிரித்துக்கொண்டு சுமார் 56 கிலோமீட்டர் நீளத்துக்கு வாவி கிடப்பதால், படகுத் துறையில் போய் முடியும் வீதிகள் எங்களுக்குப் புதிதல்ல. குருமண்வெளியில் இருந்து மண்டூருக்கும், குருக்கள்மடத்தில் இருந்து அம்பிளாந்துறைக்கும் உள்ள படகுச் சேவைகளைக் கோடாக வரைந்து, வீதியின் கடைசிப் புள்ளியோடு பொருத்திவிட்டால் விலக்கே தேவையில்லை. படகு ஏறும் இடமும் வீதி முடியும் இடமும் ஒரே புள்ளியாக இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

ஆனால் துறை என்றைக்கும் துறையாகவே இருக்காது. கொக்கட்டிச்சோலைக்குப் போக மண்முனைத் துறையில் படகுக்குக் காத்திருந்தவர்களுக்கு 2014இல் பாலம் திறந்தது. அதற்கு முன்பே 'இங்கே வீதி முடிவது சரி' என்று ஒருவர் எழுதி வைத்திருந்தால், அந்த வரி பாலம் வந்த பிறகும் சத்தமில்லாமல் பிழையை மூடிக்கொண்டிருக்கும். அதனால்தான் தண்ணீர் என்று காரணம் எழுதிய எல்லா விலக்குக்கும் மறுபார்வைத் திகதி கட்டாயம் வைக்கிறேன். கல்லடிப் பாலங்கள் மாதிரிச் சிலவற்றுக்கு அது வேண்டியதில்லை. 1924இல் திறந்த பழைய பாலமும் 2013இல் திறந்த புதியதும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கின்றன. இணையாக ஓடும் இரட்டைக் கோடு என்று கணினி சொல்லும், இரண்டும் உண்மை.

இனி, இந்த வேலையில் நான் எதிர்பாராமல் கிடைத்த பலன். ஒவ்வொரு தடவையும் புதுத் தரவை இறக்கி வினவலை ஓட்டும்போது, பிழைகளில் எதற்கு விலக்கு இருக்கிறது என்று பார்ப்பேன். அப்படியே திருப்பியும் பார்க்கத் தொடங்கினேன், எந்த விலக்குக்குப் பிழையே வரவில்லை என்று. நேற்றுவரை பிழை காட்டிய இடம் இன்று காட்டவில்லை என்றால் யாரோ அங்கே கை வைத்திருக்கிறார்கள். உண்மையிலேயே வழி திறந்திருக்கலாம். அல்லது தூரத்தில் இருந்து செய்மதிப் படத்தை மட்டும் பார்த்த ஒருவர், நல்ல மனதோடு இரண்டு முனையையும் ஒட்டிவிட்டிருக்கலாம்.

ஆரையம்பதிப் பக்கத்தில் அப்படி ஒன்று வந்தது. என் குறிப்பில் 'மதில், நேரில் பார்த்தது, இடைவெளி 4.2 மீட்டர்' என்று இருந்தது. புதுத் தரவில் அந்த இரண்டு ஒழுங்கையும் ஒன்று. மோட்டார் சைக்கிளில் போய்ப் பார்த்தேன். மதில் அப்படியே நிற்கிறது, மேலே போகன்வில்லா படர்ந்து மறுபக்கம் தொங்குகிறது. மேலே இருந்து எடுத்த படத்தில் அந்தச் செடியும் அதன் நிழலும் சேர்ந்து மதிலை முழுசாக மறைத்துவிடுகின்றன, கீழே ஒரே மண் நிறம். படத்தை மட்டும் பார்த்தால் யாருக்கும் வழி என்றுதான் தோன்றும். இணைப்பைப் பிரித்து, மதிலைக் கோடாக வரைந்து, மாற்றக் குறிப்பில் நேரில் பார்த்தது என்று எழுதினேன். இணைத்தவர் நன்றி சொல்லி ஒரு குறிப்புப் போட்டார். இப்போது அந்த விலக்கு என் பட்டியலில் இல்லை, மதிலே வரைபடத்தில் இருக்கிறது.

இதற்குப் பிறகு பிழைப் பட்டியலுக்கு முன்பே, பிழை வராத விலக்குகளின் பட்டியலைத்தான் திறக்கிறேன். வழிகாட்டும் செயலி மதிலுக்குள் ஆளை அனுப்புவது, சேராத வீதியைவிட மோசம். சேராவிட்டால் சுற்றிப் போவோம். தவறாகச் சேர்த்தால், இரவில் அவசரத்துக்கு ஓட்டோவில் ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்கள் மதிலுக்கு முன்னால் நிற்பார்கள்.

இன்னும் தீராதது, படுவான்கரை வயல்களுக்குள் போகும் வழிகள். அங்கே என் விலக்குகளில் பல 'செய்மதிப் படம்' என்று மட்டும் இருக்கின்றன. மாரியில் தண்ணீர் நிற்கும், பயிர் நிற்கும்போது வரம்பு எது வழி எது என்று படத்தில் பிரிக்க முடியாது. பெரும்போக அறுவடைக்கு உழவு இயந்திரங்கள் ஓடிய பிறகுதான் தடங்கள் தெளிவாகத் தெரியும். கொக்கட்டிச்சோலையில் இருந்து தெற்கே மண்டூர் வரை உள்ள புள்ளிகளை அந்தக் காலத்தில் பார்த்து முடிக்க வேண்டும். அந்தப் பக்கம் வயலுக்குப் போய்வருகிறவர்கள் யாராவது கூட வந்தால், வழியைக் கேட்டு எழுதிக்கொள்வது இன்னும் சுலபம்.