வெட்டின பாரா

அமெரிக்காவுல அடிமை முறையை எதிர்த்த அரசியல்வாதி தாடியஸ் ஸ்டீவன்ஸ் பத்தி பிள்ளைங்களுக்காக நான் எழுதின பக்கம் அச்சாகி ரொம்ப நாளாச்சு, ஆனா அந்த ஒரு பாரா இன்னும் மனசை விட்டுப் போகல. ஃபைனல் ப்ரூஃப்ல எடிட்டர் சார் சிவப்பு மையில வட்டம் போட்டு, "பிள்ளைங்க படிக்கிறதும்மா, இவர் நல்லவரா கெட்டவரான்னு குழம்பிடும், இடமும் பத்தல"ன்னார். "சரி சார்"னு உடனே சொல்லிட்டேன்.

அந்தப் பாராவுல இருந்தது சாரிட்டி பட்லர். மேரிலாந்துல அடிமையா இருந்தவங்க. பென்சில்வேனியாவோட 1780 சட்டப்படி வெளி மாநிலத்து அடிமையைக் கூட்டிட்டு வந்து ஆறு மாசத்துக்கு மேல வச்சிருந்தா விடுதலை. விட்டு விட்டு வந்து தங்கினதையெல்லாம் கூட்டினா ஆறு மாசம் தாண்டுதுன்னு அவங்க பக்கம் சொன்னாங்க, அப்படித் துண்டு துண்டா கூட்டக்கூடாது, தொடர்ச்சியா இருந்திருக்கணும்னு எஜமானர் பக்கம். 1821ல எஜமானருக்காக வாதாடி ஜெயிச்ச வக்கீல்தான் ஸ்டீவன்ஸ். சாரிட்டியும் அவங்க பிள்ளைங்களும் அடிமைகளாவே இருக்க வேண்டியதாச்சு.

மத்ததெல்லாம் பக்கத்துல இருக்கு. 1835ல இலவசப் பள்ளிச் சட்டத்தை ரத்து பண்ண விடாம பேசினது, தப்பி வந்த அடிமைகளுக்காக காசு வாங்காம வாதாடினது, அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ்ல, அடிமை முறையை ஒழிச்ச 13ஆவது, சட்டத்துக்கு முன்னாடி சமம்னு சொன்ன 14ஆவது அரசியல் சட்டத் திருத்தங்களுக்காக நின்னது. 1868ல இறந்தப்போ, நிறம் பார்த்து இடம் தர்ற கல்லறைத் தோட்டம் வேண்டாம்னு லங்காஸ்டர்ல எல்லாருக்கும் இடம் தந்த சின்ன மயானத்துல அடக்கம், காரணத்தைக் கல்லுலயே எழுத வச்சிருக்கார். இவ்ளோ செஞ்சவரை ஒரு கேஸை வச்சு ஏன் எடைபோடணும்னு அப்போ தோணுச்சு, இப்பவும் சில நாள் தோணுது.

ஆனா பக்கத்தைப் படிச்சிட்டு ஒரு பொண்ணு லெட்டர் போட்டிருந்தா, "அடிமை முறையை எதிர்க்கணும்னு இவருக்கு எப்போ எண்ணம் வந்துச்சு?"ன்னு. பிறவியிலேயே ஒரு கால் வளைஞ்சிருந்தது, சின்ன வயசுலயே கஷ்டம் தெரிஞ்சவர்னு பதில் எழுதினேன். பொய் இல்ல. அந்த கேஸ்தான் அவரை மாத்துச்சுன்னு அடிச்சுச் சொல்லவும் என்னால முடியாது, இருந்தாலும் அதுக்கப்புறம் அவர் அடிமைகளுக்காக வாதாடினாரே, அதையாவது சொல்லியிருக்கலாம். சார் வெட்டச் சொன்னது ப்ரூஃப்ல, லெட்டர்ல வெட்டினது நான்தானே. ரெண்டு வரியா சுருக்கித் தரட்டுமா சார்னு அன்னிக்கே கேட்டிருந்தா ஒத்துக்கிட்டிருப்பாரோ என்னவோ, அவர் ஒண்ணும் பிடிவாதக்காரர் இல்ல.

நேத்து பழைய ஃபைலைத் திறந்தேன். பாரா அப்படியே இருக்கு, சாரிட்டி பட்லர் பேரோட. அந்தப் பொண்ணோட லெட்டரும் டிராயர்ல இருக்கு, அட்ரஸ் தெளிவா எழுதியிருக்கா.