எடையா, சமநிலையா?

“அப்போ நான் எதுக்கு லேசான பேஸ் வாங்கினேன், அண்ணா?” என்று அவர் கேட்டதற்கு இன்னும் என்னிடம் ஒழுங்கான பதில் இல்லை. தோளில் மாட்டினால் நெக், அதாவது கழுத்து, தானாகக் கீழே இறங்குகிறது என்று தன் பேஸ் கிட்டாரை ரிப்பேருக்குக் கொண்டுவந்திருந்தார்.

பாடியின் பின்கோடியில் கொஞ்சம் ஈயம் வைத்தால் நெக் இறங்காது என்றுதான் சொன்னேன். கம்பிகளை முறுக்கும் டியூனிங் கீகளை ஏற்கெனவே மாற்றியாயிற்று. பழையவை ஒவ்வொன்றும் 90 கிராமுக்கு மேல், புதியவை 60க்குள். மொத்தத்தில் நூற்றுச் சொச்சம் கிராம்தான், ஆனால் நெக்கின் நுனியில் குறைகிற எடை. முன்பு கையை எடுத்ததும் கீகள் இருக்கும் நுனி, ஹெட்ஸ்டாக், சடாரென்று தரையைப் பார்க்கும். இப்போது மெதுவாக இறங்கியது. இறங்கத்தான் செய்தது.

பாடியிலிருந்து நெக் பக்கமாக நீளும் மேல் கொம்புதான் வில்லங்கம், ஸ்ட்ராப் மாட்டும் பட்டன் அதன் நுனியில்தான். நெக் முனையில் கம்பியைத் தாங்கும் நட்டிலிருந்து பாடியில் இருக்கும் பிரிட்ஜ் வரை 34 அங்குலம், அதுதான் ஸ்கேல். பட்டன் 12ஆம் ஃப்ரெட்டுக்கு (நெக்கில் குறுக்கே பதித்த கம்பி) நேராக இருந்தால் இரு பக்கமும் 17 அங்குலம், சரிபாதி. 1951இல் வந்த ஃபெண்டர் பிரிசிஷன் பேஸிலேயே இதற்காகக் கொம்பை நீட்டியிருந்தார்கள். இவருடையதில் 16ஆம் ஃப்ரெட்டோடு நின்றுவிட்டது: நட்டுப் பக்கம் இருபதரை, பிரிட்ஜ் பக்கம் பதின்மூன்றரை. நுனியில் 100 கிராம் குறைப்பதும் பின்னால் ஏறக்குறைய 150 கிராம் சேர்ப்பதும் ஒன்று. பட்டனை நகர்த்தலாம், புது பாடியில் துளை போடக் கூடாது என்றுவிட்டார்.

ஈயம் வைத்தால் குறைத்த எடை திரும்ப ஏறிவிடும். கணக்கில் அவர் சொன்னது சரி. ஆனால் தோள் வலிப்பது எடையாலா, இடது கை நெக்கைத் தாங்கிக்கொண்டே வாசிப்பதாலா? இதையும் கேட்டேன். அவர் பேஸை ஒரு கையால் தூக்கி, தராசில் வைப்பதுபோல் ஆட்டிப் பார்த்தார். அதோடு பேச்சு முடிந்தது. தொங்கவிட்டுப் பார்க்க வேண்டியதை ஏன் தூக்கிப் பார்க்கிறார் என்று எரிச்சலாக இருந்தது. வலி அவருடையது, தராசு மட்டும் என்னுடையதா என்றும் தோன்றியது.

அப்புறம் அகலமான ஸ்வேட் தோல் ஸ்ட்ராப் ஒன்றை மாட்டிவிட்டேன். சொரசொரப்பான பக்கம் சட்டையைப் பிடித்துக்கொண்டது, நெக் நின்றுவிட்டது. அவருக்கு முகமெல்லாம் சிரிப்பு. பாரம் எங்கும் போய்விடவில்லை, சட்டையும் தோளும் சேர்ந்து இழுத்துப் பிடிக்கின்றன, வழுக்கும் துணி போட்டால் மறுபடி இறங்கும் என்று சொல்லத்தான் செய்தேன். காதில் விழுந்ததா என்று தெரியாது.

வாசிப்பவருக்கு நிம்மதி என்றால் அதுவும் ரிப்பேர்தானே? இருக்கலாம். ஈயம்தான் சரியான வழி என்று இப்போதும் நினைக்கிறேன். ஆனால் லேசான பேஸோடு யார் வந்தாலும், கை முதலில் ஸ்வேட் ஸ்ட்ராப்பைத்தான் எடுக்கிறது.