தெரெசின் போனால் அந்தச் சின்ன அறையைத் தவறவிடாதீர்கள்

செக் நாட்டுத் தலைநகர் பிராகில் ஒரு டாக்ஸிக்காரர், பக்கத்து ஊரான தெரெசின் போய்வர 3,000 கொருனா கேட்டார். அப்போது நம் பணத்தில் சுமார் 11,000 ரூபாய் வந்தது. பகல் கொள்ளை! ஹொலெஷோவிட்சே பேருந்து நிலையத்தில் பஸ் ஏறினால் ஒரு மணி நேரத்தில் தெரெசினில் இறக்கிவிடுகிறார்கள். டாக்ஸி கேட்ட காசில் பத்தில் ஒரு பங்குகூட ஆகாது.

செலவு, நேரம், சாப்பாடு என்று வரிசையாக எழுதத்தான் உட்கார்ந்தேன். ஆனால் அந்த அறையைப் பற்றி முதலில் சொல்லியாக வேண்டும்.

1941 நவம்பரிலிருந்து 1945 மே வரை நாஜிக்கள் யூதர்களை அடைத்துவைத்த கோட்டை நகரம் இது. 1,40,000 பேருக்கு மேல் இங்கே கொண்டுவரப்பட்டார்கள். சுமார் 33,000 பேர் பசியிலும் நோயிலும் இங்கேயே செத்தார்கள். ஏறத்தாழ 88,000 பேரை ஆஷ்விட்ஸ் போன்ற முகாம்களுக்கு ரயிலேற்றிவிட்டார்கள்.

அப்படிப்பட்ட ஊரில், ஒரு வீட்டின் பின்முற்றத்தில், மறைவாக யூதர்களின் ஒரு தொழுகை அறை. தாழ்ந்த வளைவுக் கூரையில் நட்சத்திரங்கள், சுவரில் மெழுகுவர்த்திகள், எல்லாம் வண்ணத்தில் வரைந்தவை. நடுவே எபிரேய எழுத்தில் ஒரு வரி: "இத்தனைக்கும் பிறகு உம் பெயரை நாங்கள் மறக்கவில்லை, எங்களை மறந்துவிடாதேயும்." திங்கள், வியாழன் காலைத் தொழுகையில் யூதர்கள் வழக்கமாகச் சொல்லும் வரிதான். அதை அந்த இடத்தில் நின்று படித்தபோது எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது.

'எல்லாம் சரியாகிவிடும்' என்ற சமாதானம் இதில் துளியும் இல்லை. எங்கள் பக்கம் பாக்கி இல்லை, இனி உம் பொறுப்பு என்று கடவுளிடமே முறையிடுகிறார்கள். பைபிளில் சோதோம் நகரைக் காப்பாற்ற, ஐம்பது நல்லவர்களில் தொடங்கிப் பத்து வரை கடவுளிடம் பேரம் பேசிய ஆபிரகாமின் வழி அது. கேள்வி கேட்க ஒருவர் இருக்கிறார் என்கிற வரை நம்பிக்கை சாகாது. கஷ்ட காலத்தில் எனக்கு இதைவிட நேர்மையான ஆறுதல் வேறு எங்கும் கிடைத்ததில்லை.

இங்கே அடைக்கப்பட்டிருந்த ஓவியர் ஃப்ரீடல் டிக்கர்-பிராண்டைஸ் இங்கேதான் குழந்தைகளுக்கு ஓவியம் சொல்லிக்கொடுத்தார். 1944-இல் அவரை ஆஷ்விட்ஸுக்குக் கொண்டுபோய்க் கொன்றார்கள். அவர் இரண்டு பெட்டிகளில் விட்டுப்போன சுமார் 4,500 ஓவியங்கள் பிழைத்தன. பூ, பட்டாம்பூச்சி, வீடு என்று குழந்தைகள் வரைந்தவை! அவற்றில் சிலவற்றைப் பிராகின் பிங்காஸ் தொழுகைக்கூடத்தில் பார்க்கலாம்.

சரி, சாப்பாடு: சைவக்காரர்களுக்கு வறுத்த சீஸும் உருளைக்கிழங்கும்தான். திரும்பும் பஸ் நேரத்தை இறங்கியதுமே பார்த்து வையுங்கள். பிங்காஸ் டிக்கெட் விலை கூடுதல்தான். பட்ஜெட் இடித்தால் பிராகின் படகுச் சவாரியை வெட்டுங்கள், இதை வெட்டாதீர்கள்.