சாப்பிடாத நாளிலும் போகுதா?

ஹட்டன் பக்கத் தோட்டங்களிலிருந்து கிளினிக்குக்கு வருகிற நிறையப் பேருக்கு வயிறுதான் முறைப்பாடு. காலையில் ரொட்டியும் தேத்தண்ணீரும், நேரம் தப்பிய மதியச் சாப்பாடு. கேஸ்ட்ரிக் என்று எழுதி, வயிற்று அமிலத்தைக் குறைக்கும் ஒமிப்ரசோல் கொடுத்தால் பெரும்பாலும் சரியாகத்தான் இருக்கும்.

கொழுந்து பறிக்கும் அந்த அம்மாவின் கிளினிக் கொப்பியிலும் பல வருஷமாக அதுதான் இருந்தது. நடுவில் வயிற்றுப் பூச்சிக்கு மருந்து, அப்புறம் மனக்கவலை. வயிற்றோட்டத்தோடு மலையில் நிற்பது என்ன பாடு என்று எழுதியவர்கள் யோசித்தார்களோ தெரியாது. அங்கே கக்கூஸ் கிடையாது. குடியிருக்கும் லயத்துக்கு இறங்கி ஓடினால் கிலோ குறையும், கிலோ குறைந்தால் அரைப்பேர், அதாவது அரைநாள் சம்பளம்தான்.

"ராத்திரியிலயும் எழும்பிப் போறீங்களாம்மா?"

"ஆமாங்கய்யா."

"விரதம் இருக்கிற நாள்ல?"

"அன்னைக்கும் விடாதுங்க."

இதற்குமேல் கேஸ்ட்ரிக் கதை நிற்காது. சாப்பாட்டால் வருகிற ஓட்டம் பட்டினி கிடந்தால் அடங்கும். ஹோர்மோன் குடலை விரட்டினால் அடங்காது.

அப்படி ஹோர்மோன் சுரக்கும் கட்டி இருந்தால் முகமும் திடீரெனச் சிவந்து காந்தும். ஆனால் சிவக்குமா என்று கேட்டுப் பயனில்லை. பாடப்புத்தகச் சிவப்பு நம் கறுத்த தோலில் எளிதில் தெரியாது. காந்துமா என்று கேட்டேன். "திடீர்னு மொளகா பூசின மாதிரிங்க." மாதவிடாய் நிற்கிற வயசு என்று லயத்தில் முடிவுகட்டிவிட்டார்களாம்.

கார்சினொயிட் என்பது அப்படி ஹோர்மோன் சுரக்கும் ஒருவகைக் கட்டி. அந்தச் சந்தேகம் என்றால் 24 மணிநேரச் சிறுநீர் வேண்டும். அதற்கு முன்பே வாழைப்பழம், அன்னாசி, தக்காளியை நிறுத்த வேண்டும். பொதுக் கக்கூஸ் உள்ள லயத்தில் நாள் முழுக்கக் கேனும் கையுமாக இருப்பது லேசல்ல. வேலையில்லாத ஞாயிறு சேர்த்ததைத் திங்கள் பஸ்ஸில் மகன் கொண்டுவந்தான். அந்தக் கட்டி சுரக்கும் செரட்டோனின் உடைந்து உண்டாகும் பொருள் அதில் மிகக் கூடுதல். கண்டியில் எடுத்த சிடி ஸ்கேனில் சிறுகுடலின் கடைசிப் பகுதியில் கட்டி, ஈரலிலும் பரவல். திசுப் பரிசோதனை அதை உறுதிசெய்தது.

குடலிலிருந்து வரும் செரட்டோனின் போன்ற பொருட்களை ஈரல் உடைத்துவிடும். அதனால் பொதுவாகக் கட்டி ஈரலுக்குப் பரவியபின்தான் காந்தல் தலைகாட்டும். வளர்வதும் மெதுவாக. 1907இல் இவ்வகைக் கட்டிகளுக்குப் பெயர் வைத்த ஜெர்மன் மருத்துவர் ஓபர்ண்டோர்ஃபரே முதலில் ஆபத்தில்லாதவை என்றுதான் நினைத்தார், 1929இல் மாற்றிக்கொண்டார்.

முழுசாக வெட்டியெடுக்க வழியில்லை. மாதம் ஒருமுறை, ஹோர்மோன் சுரப்பை அடக்கும் ஒக்ட்ரியோடைட் ஊசி. ஓட்டம் நன்றாகக் குறைந்திருக்கிறது. ஊசி நாளில் ஒரு பேர் போகிறதே என்பதுதான் இப்போது அந்த அம்மாவின் முறைப்பாடு. தோட்டத்துத் துரைக்கு ஒரு கடிதம் எழுதிக் கொடுத்திருக்கிறேன்.