டைடல் பார்க்கும் கால்வாயும்

சென்னை அண்ணா சாலைக்கு 1959-ல் எல்.ஐ.சி. கட்டிடம் அடையாளமாக வந்த மாதிரி, பழைய மகாபலிபுரம் சாலைக்கு 2000-ல் டைடல் பார்க் என்ற ஐ.டி. வளாகம் வந்தது. பிரதமர் வாஜ்பாய் திறந்து வைத்தார். இன்று அதே சாலையில் அதைவிடப் புதுசாக, பளபளப்பாக எத்தனையோ கட்டிடங்கள். ஆனாலும் வழி சொல்ல நமக்கு டைடல்தான் வேண்டும். எனக்கு இன்னும் அழகாகத்தான் தெரிகிறது.

மனசு வலிப்பது பக்கத்தில் ஓடும் பக்கிங்காம் கால்வாயைப் பார்க்கும்போது. ஒரு காலத்தில் ஆந்திரக் கரையிலிருந்து சரக்குப் படகுகள் வந்த நீர்வழி அது. இப்போது கறுப்புத் தண்ணீர், பாதிக் கரையில் பறக்கும் ரயிலின் தூண்கள். இப்படியொரு கட்டிடத்துக்குப் பக்கத்தில் நடைபாதையும் நிழல்மரமும் நல்ல தண்ணீரும் இருந்தால் எப்படி இருக்கும்! முதலில் கழிவுநீர் கலப்பதை நிறுத்துங்கள். அப்புறம் கரையை அழகுபடுத்தலாம்.