விழப்போகும் பல்லுக்கு ஏன் சிகிச்சை?

"விழப்போகும் பால் பல்லுக்கு வேர் சிகிச்சை (ரூட் கெனால்) எதற்கு?" என்று உறவினர்கள் கேட்டபோது, 6 வயது மகளைக் குழந்தைகள் பல் மருத்துவரிடம் அழைத்துச் சென்ற எனக்கும் அந்த ஐயம் இருக்கத்தான் செய்தது. கடைவாயின் இரண்டாம் பால் பல் 10 முதல் 12 வயது வரை நிற்க வேண்டியது என்றும், முன்னதாகவே பிடுங்கிவிட்டால் பின்னாலிருக்கும் பல் முன்நகர்ந்து, அடியில் காத்திருக்கும் நிரந்தரப் பல் முளைக்க இடமில்லாமல் போகக்கூடும் என்றும் அவர் பொறுமையாக விளக்கினார். 5 ஆண்டு பி.டி.எஸ். படிப்புக்குப் பின் குழந்தைகளுக்கென்றே 3 ஆண்டுகள் எம்.டி.எஸ். பயின்றவர்; சுழலும் தூரிகையை முதலில் அவள் விரல் நகத்தில் ஓட்டிக் காட்டி, அச்சம் விலகிய பிறகே வாயைத் திறக்கச் சொன்னார். அந்தப் பரிவை நான் மறக்கமாட்டேன். பல்லுக்கு இப்போது எஃகு உறை போட்டிருக்கிறார்கள். இளையவன் பால் புட்டியை வாயில் வைத்தபடியே உறங்கும் வழக்கமும் பல்லைச் சொத்தையாக்கும் என்பதால், அதை அன்றிரவே நிறுத்திவிட்டோம்.